பாரணை இல்லாத விரதம்

அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு 3,550 படி. தூரம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், ஏறும் உயரம் 700 மீட்டருக்குக் கிட்ட வரும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இந்த உயரத்தை ஏற மட்டும் 400லிருந்து 500 கலோரி செலவாகும். நடுநடுவே சமதரையில் நடப்பதையும் சேர்த்தால் நூறோ இருநூறோ கூடலாம். மேலே தரிசனம் முடிந்து கைக்கு வரும் சின்ன லட்டு 175 கிராம் வரை நிற்கும். கடலை மாவு, சர்க்கரை, நெய், முந்திரி, கற்கண்டு. அதை ஒருவரே உட்கார்ந்து தின்று முடித்தால் ஏறிய கணக்கு அங்கேயே நேராகி, கொஞ்சம் பாக்கியும் விழும். எடையைக் குறைக்கும் உபாயம் என்று பார்த்தால் மலையேற்றம் நஷ்ட வியாபாரம். ஆனால் வாரம் தவறாமல் ஏறுகிற ஊர்க்காரருக்கு, படிவழியில் நிற்கும் காலி கோபுரம் வந்து சேருமுன் உட்கார வேண்டிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. தொடை கெட்டிப்படுகிறது, படபடப்பு சீக்கிரம் அடங்குகிறது, சாப்பிட்ட சர்க்கரையைத் தசை இழுத்துக்கொள்கிறது. தராசு இதில் எதையும் காட்டாது. சாப்பாடும் உடற்பயிற்சியும் சொல்லிப் பிழைக்கிற எங்கள் தொழிலின் பெரிய பிழை, எதை அளப்பது என்பதில்தான் தொடங்குகிறது என்பது என் வாதம். வந்தவரை முதலில் தராசில் ஏற்றுகிறோம், பிறகு கண்ணாடி முன் நிறுத்திப் படம் எடுத்து வைக்கிறோம். அந்த நிமிடமே அவருடைய உடம்பு அவருக்கு ரிப்பேருக்கு வந்த சாமானாகிவிடுகிறது. அதன்பின் எழுதிக்கொடுக்கும் சார்ட் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது உடம்பின்மேல் இருக்கும் மனக்குறையைத்தான் வளர்க்கும், பழக்கமாகவும் நிலைக்காது.

இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே ஒரு மாற்றத்தைக் கேட்கலாம். சித்தூர், புத்தூர், நகரி என்று தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்கும் ஊர்களில், நாள்கழித்துப் பார்க்கும் பெரியவர்கள் ‘சிக்கிப்போயாவே’ என்பார்கள். தமிழ் வீடானால் ‘இளைச்சுப் போயிட்டியேம்மா’. இரண்டிலும் இருப்பது கவலை. இளைப்பு என்றால் நோய், கடன், போன இடத்துத் துன்பம். மழையை நம்பி வேர்க்கடலை போட்டுவந்த மண்ணில், உடம்பில் கொஞ்சம் சதை இருப்பது வீட்டில் தானியம் இருந்ததற்குச் சாட்சி. அதே வீடுகளில் இன்று ‘லாவு’ (பருமன்) என்ற சொல் வசவு. சித்தூர் நாகையா 1946இல் தியாகராஜராகவும் 1947இல் வேமனராகவும் திரையில் நின்றபோது அவருடைய வயிற்றை யாரும் அளக்கவில்லை. குரலையும் கண்ணையும்தான் பார்த்தார்கள். 2007இல் ‘தேசமுதுரு’வில் அல்லு அர்ஜுனும், 2008இல் ‘வாரணம் ஆயிரம்’ படத்தில் சூர்யாவும் சட்டையைக் கழற்றிய பிறகு, ‘சிக்ஸ் பேக்’ என்ற சொல் ஆந்திரத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுச்சொல்லானது. பெண்களுக்கு அந்தச் சுமை அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. இரு மொழிகளிலும் 2015இல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’, எடை குறைப்பு நிலையங்களின் மோசடியைச் சொல்ல வந்த படம். அதற்குக் கதாநாயகி எடை கூட்டிக்கொண்டதுதான் படத்தின் பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. கதை சொன்னதை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்க்கிற பழக்கம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது பாருங்கள்.

‘பத்து நாளில் ஐந்து கிலோ’ என்ற சுவரொட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. ஐந்து கிலோவுக்கு 38,500. பத்து நாளில் அதைக் கரைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 3,850 கலோரி துண்டு விழ வேண்டும். பெண்களில் பெரும்பாலோர் ஒரு நாளில் சாப்பிடுவதே அதில் பாதிதான். முழுப் பட்டினி கிடந்தாலும் கணக்கு முடியாது. ஆனாலும் தராசு முள் இறங்கத்தான் செய்யும், இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து வெளியேறும். அடுத்துக் கரைவதில் தசையும் உண்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து, எல்லாம் மறந்துபோன நேரத்தில், கொத்துக்கொத்தாக முடி கொட்டும். பட்டினியில் உடம்பு முதலில் கைவிடுவது அவசியமில்லாத செலவை, முடி அதில் ஒன்று. இந்த இடத்தில் திருமலைக் கல்யாணகட்டாவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே முடி கொடுக்கிறார்கள், பெண்களும்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசித் திருப்பதி பஸ் நிலையத்தில் நிற்கும் பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அவரும் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வதில்லை. அதே பெண்ணுக்குச் சீப்பில் ஒரு கொத்து வந்தால் தூக்கம் போய்விடும். முழுத் தலையும் போனதில் வராத வெட்கம் ஒரு கொத்தில் எப்படி வருகிறது? முதலாவதில் அந்தத் தலை ஒரு காரியத்தைச் செய்து முடித்திருக்கிறது. இரண்டாவதில் அது பிறர் பார்வைக்கு வைத்த பண்டம், அதில் சேதாரம் விழுந்திருக்கிறது. உருவத்தைப் பற்றிய மனநிலை சதையிலும் முடியிலும் இல்லை, அதை எதற்காக வைத்திருக்கிறோம் என்று நினைப்பதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

தராசை நம்புவதற்கு அறிவியல் பெயர் பி.எம்.ஐ. பெல்ஜிய நாட்டுக் கணிதர் அடால்ஃப் கெட்லே 1832இல் மக்கள்தொகையின் சராசரியை ஆராயப் போட்ட வாய்ப்பாடு அது. தனி மனிதரின் ஆரோக்கியத்தை எடைபோட அவர் அதைச் செய்யவில்லை. 1972இல் அதற்கு இந்தப் பெயரைக் கொடுத்தவர் அமெரிக்கரான ஆன்செல் கீஸ். நம் உடம்புக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை 2004இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு படம் காட்டியது. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிற இந்தியருக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பை அந்த எண் காட்டிக்கொடுப்பதில்லை. அதனால்தான் இந்திய மருத்துவர்கள் வரம்பை 23, 25 என்று தாழ்த்தி, இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக்கொண்டார்கள்: ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதே கீஸ் 1944–45இல் மினசோட்டாவில் செய்த சோதனைதான் எங்கள் தொழிலில் எல்லோரும் படித்திருக்க வேண்டியது. மனமுவந்து வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு 24 வாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி. எடையில் கால்பங்கு போனது. கூடவே மனதும் போனது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள், எரிச்சல், சோர்வு. சோதனை முடிந்து உடம்பு தேறத் தொடங்கியபோது, அதுவரை தன் உருவத்தைப் பற்றிக் கவலையே படாதவர்களில் சிலர் வயிறு பெருப்பதாகக் குறைப்பட்டார்கள். அவர்கள் வாரம் 35 கிலோமீட்டர் நடந்த ஆண்கள் என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர்ப் பெண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் 1,200 கலோரி சார்ட்டை அச்சடித்து அடுக்கி வைத்து வருகிறவர்க்கெல்லாம் ஒன்று கிழித்துக் கொடுக்கும்போது, உருவத்தின்மேல் வெறுப்பையும் அந்தத் தாளிலேயே வைத்துக் கொடுக்கிறோமோ என்று கேட்டுக்கொள்ள வேண்டாமா?

சாப்பாட்டையும் நடையையும் திருத்தி எடை மட்டும் குறையாவிட்டால் பயனென்ன என்று கேட்பவர்களுக்குச் சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் 531 பேர். ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, தினம் அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்த பிரிவில் 39.3 சதவீதம். அதாவது ஆபத்து நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட பிரிவுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே பலன்தான். இதில் எங்கள் தொழிலுக்கு முக்கியமான செய்தி வேறு: நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் 58 சதவீதம் தடுக்க முடிந்தது, அங்கே எடையும் குறைந்தது என்பது உண்மை. இங்கே எடை குறையாமலே பாதி தூரம் வர முடிந்திருக்கிறது. வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை உள்ளே வாங்கும். ஈரலில் படிந்த கொழுப்பு, இடுப்பு நாடா காட்டுமுன் குறையத் தொடங்கும். தராசை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் மாதமே ‘ஒண்ணும் நடக்கலை’ என்று நடையை நிறுத்தியிருப்பார். உள்ளே நடந்துகொண்டிருந்ததை அவருக்குச் சொல்ல நாம் எந்த அளவுகோலும் கொடுத்திருக்க மாட்டோம்.

மனநிறைவின் பக்கமும் ஆய்வுகள் அதையேதான் சொல்கின்றன. உடற்பயிற்சி உருவத் திருப்தியைக் கூட்டுகிறதா என்று செய்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த கேம்ப்பெல், ஹாசன்பிளாஸ் இருவரும் 2009இல் சொன்ன முடிவு: கூட்டுகிறது, ஆனால் சிறிய அளவில். அந்தச் சிறிய அளவும் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சுவாரசியம். கனடாவின் மார்ட்டின் ஜினிஸ் போன்றவர்கள் தொடர்ந்து கவனித்திருப்பது, எடை எவ்வளவு மாறியது என்பதைவிட ‘எனக்குத் தெம்பு கூடியிருக்கிறது’ என்று ஒருவர் தானே உணர்வதோடுதான் திருப்தி அதிகமாக ஒட்டி நிற்கிறது என்பதை. ஆஸ்திரேலியாவில் டிகெமன் குழுவினர் ஜிம்முக்கு வரும் இளம்பெண்களிடம் 2003இல் கேட்டபோது, தோற்றத்துக்காகப் பயிற்சி செய்பவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் திருப்தி குறைவாக இருந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். திருப்தி இல்லாதவர்கள்தானே தோற்றத்துக்காக வருவார்கள், எது முந்தியது என்று கேட்கலாம். ஒரே நேரத்தில் எடுத்த கணக்கால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் திருப்தியில்லாமல் வந்தவரை நாலு பக்கமும் கண்ணாடி பதித்த அறையில் நிறுத்தி, வாராவாரம் படம் எடுத்து ஒப்பிட்டுக் காட்டினால் அந்தக் குறை ஆறுமா, கிளறிவிடுமா என்பதற்கு ஆய்வு தேவைப்படாது.

அழகாக வேண்டும் என்ற ஆசைதானே ஆளைக் கதவுவரை கூட்டிவருகிறது, அதை எடுத்துவிட்டால் யார் வருவார்கள் என்பது தொழிலுக்குள்ளிருந்து வரும் எதிர்ப்பு. அதில் நியாயம் இருக்கிறது. கல்யாணத் தேதி குறித்த பெண்ணும், ஜனவரி மாதத்துக் கூட்டமும் இல்லாவிட்டால் எங்களில் பலர் வாடகை கட்ட முடியாது. ஆசையை நான் குறை சொல்லவில்லை; அதை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வரச் செய்வதுதான் எங்கள் வேலை. கல்யாணத்துக்காகத் தொடங்கிய பட்டினி முகூர்த்தத்தோடு முடிகிறது. மறுவீட்டு விருந்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும். ஆண்பிள்ளைகளின் கதை இன்னும் மோசமான பாதையில் போகிறது. எவ்வளவு கட்டுமஸ்தாக இருந்தாலும் ‘பாடி பத்தல’ என்றே தோன்றும் மனநிலைக்கு ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் உடனிருந்தவர்களும் 1997இல் ஒரு பெயர் வைத்தார்கள். தசை பற்றிய திரிபு என்று தமிழில் சொல்லலாம். திரையில் பார்க்கும் சிக்ஸ் பேக், படப்பிடிப்புக்கு முன்னால் உப்பையும் தண்ணீரையும் குறைத்து ஒரு நாளைக்கு மட்டும் வரவழைத்த தோற்றம் என்பது பையனுக்குத் தெரிவதில்லை. தெரியாமல் புரோட்டீன் டப்பா, அதுவும் போதாமல் ஊசி. நூறு கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் உள்ள வேர்க்கடலை விளையும் மாவட்டத்தில் இது நடக்கிறது.

அடுத்த எதிர்ப்பு மருத்துவர்களிடமிருந்து. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஆந்திரப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் அதிக எடை. நாட்டின் சராசரி 24 சதவீதம். இந்த நிலையில் உடம்பை அப்படியே ஏற்றுக்கொள் என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சல்லவா? நான் அப்படிச் சொல்லவில்லை. 80 சென்டிமீட்டருக்கு மேல் போன இடுப்பு எனக்கும் கவலைதான். கேள்வி, வெட்கப்படுத்தினால் அது குறையுமா என்பது. இங்கிலாந்தில் நடுவயதையும் முதுமையையும் தொட்ட 2,944 பேரை நான்காண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. எடைக்காகத் தன்னை மட்டமாக நடத்தினார்கள் என்று சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள். அப்படி இல்லாதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். வெட்கப்பட்டவர் பூங்காவில் நடக்க வரமாட்டார், டாக்டரிடம் போகமாட்டார், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார். அந்தத் தேசியக் கணக்கெடுப்பில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை யாரும் சுவரொட்டி அடிப்பதில்லை: இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆந்திரத்தில் அதைவிடச் சற்று அதிகம். ‘நல்லா ஸ்லிம்மா இருக்கே’ என்று பாராட்டு வாங்குகிற பெண்ணுக்கு இரண்டு மாடி ஏறினால் கண் இருட்டுகிறது. தோற்றத்தை அளக்கிற தொழில் பருத்தவரை வெட்கப்படுத்துகிறது, மெலிந்தவரைச் சோதிக்காமலே அனுப்பிவிடுகிறது.

இதெல்லாம் பட்டணத்துப் பணக்கார வீட்டுக் கவலை என்பவர்களும் உண்டு. பருத்த உடலையே அழகென்று கொண்டாடிய ஃபிஜித் தீவின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில், கேள்வித்தாளில் உணவுக் கோளாறின் அறிகுறி காட்டிய பள்ளிப் பெண்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆனார்கள் என்று ஆன் பெக்கர் பதிவு செய்தார். பலமநேரிலும் குப்பத்திலும் கைபேசி இல்லாத வீடு எது? ஆனால் அந்த அந்நிய அளவுகோலை இங்கே அப்படியே கொண்டுவந்து வைப்பதும் ஆபத்து. கிங், புக்ரா இருவரும் வட இந்தியப் பள்ளிப் பெண்களிடம் அதே வகைக் கேள்வித்தாளைக் கொடுத்து 1989இல் கண்டது, விரதம் இருக்கிற பெண்ணும் நோயாளிக் கணக்கில் விழுகிறாள் என்பதை. சித்தூருக்குப் பக்கத்து ஊரான வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி 2007இல் வந்த கட்டுரையிலும் உணவுக் கோளாறு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழ்தான். அதிலும் பெரும்பாலானவை மனம் சார்ந்த வாந்தி. புரட்டாசி சனிக்கிழமையும் ஏகாதசியும் உள்ள ஊரில் பட்டினியைப் பார்த்ததும் பயப்பட முடியாது. அதேபோல் ‘விரதம்’ என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் உண்மையான நோய் சௌகரியமாக ஒளிந்துகொள்ளவும் முடியும். பிரித்தறிய ஒரு வழி நம் மரபிலேயே இருக்கிறது. ஏகாதசிக்குத் துவாதசியில் பாரணை உண்டு: அகத்திக்கீரை, நெல்லிக்காய், நேரம் தவறாமல், மனநிறைவோடு. தன் உருவத்துக்குப் பயந்து கிடக்கும் பட்டினிக்குப் பாரணை வருவதே இல்லை. அதனால் ‘என்ன விரதம்?’ என்று கேட்பதைவிட ‘எப்போது முடிப்பீர்கள், முடித்ததும் என்ன சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்பது பலன் தரும். பதில் சொல்லத் தடுமாறும் பெண்ணை உணவு ஆலோசகர் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது, மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் விதமும் இதனோடு மாற வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தின் ராகி சங்கட்டி இப்போது ‘வெயிட் லாஸ்’ உணவாக விலை ஏறியிருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நூறு கிராம் கேழ்வரகுக்கு 320 கலோரி, அரிசிக்கு 350 சொச்சம். பெரிய வித்தியாசமில்லை, இரண்டு உருண்டை கூடுதலாகப் போனால் அதுவும் இல்லை. கேழ்வரகின் பெருமை அதிலுள்ள 360 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கால்சியத்திலும், அரிசியைப்போல் நாலு மடங்கு நார்ச்சத்திலும் இருக்கிறது. எலும்புக்கென்று சாப்பிடச் சொன்னால் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவார். இடுப்புக்கென்று சொன்னால் இடுப்பு குறையாத அன்று நிறுத்திவிடுவார். லட்டும் அப்படித்தான். ‘சீட் மீல்’ என்று பெயர் வைத்தவர் யாரை ஏமாற்றுவதாக நினைத்தாரோ, பிரசாதத்தை அந்தப் பெயரால் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஊருக்குக் கொண்டுபோன லட்டை யாரும் முழுசாகத் தின்பதில்லை. கிள்ளிக் கிள்ளித் தெருவுக்கே கொடுக்கிறார்கள். அளவறிந்து சாப்பிடுவதற்கு அதைவிடக் குற்றவுணர்ச்சி இல்லாத முறையை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை. படி ஏறுவதும் எல்லோருக்கும் மருந்தாகாது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் நடந்து ஏற வேண்டாம் என்று தேவஸ்தானமே சொல்கிறது. தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவது கெடுதல். அவர்களுக்குச் சமதரையில் பத்து நிமிடம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. தொடங்க அது போதும். எனவே முதல் நாள் படிவத்தில் நான் வைக்கச் சொல்லும் கேள்விகள் இவை. மூச்சு வாங்காமல் எத்தனை படி ஏற முடிகிறது? இடுப்புச் சுற்றளவும் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் எவ்வளவு? கடைசியாக எப்போது பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டீர்கள்? எடைக்கும் ஒரு கட்டம் உண்டு, நாலாவது வரிசையில். அதன் பக்கத்தில் ‘இலக்கு’ என்ற கட்டம் மட்டும் கிடையாது.